இலவச சட்ட உதவிப் பலகையை 11 முறை கடந்து போனேன்

என் மகளுடைய பழைய கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் பின்பக்கத்திலிருந்து நான் வேறொரு கணக்கு எழுதி வைத்திருக்கிறேன். வக்கீலுக்குக் கொடுத்தது, குமாஸ்தாவுக்குக் கொடுத்தது, அடகு வட்டி, கோர்ட்டுக்குப் போனதால் போன சம்பளம், எல்லாம் தேதி போட்டு இருக்கும். கூட்டிப் பார்த்தால் 40,280 ரூபாய். அதில் பெரும்பகுதியைச் செலவு செய்யாமலே என் வழக்கை நடத்தியிருக்கலாம் என்பது எனக்கு ஒன்றே முக்கால் வருடம் கழித்துத்தான் தெரிந்தது. யாராவது ஒருவர் முன்கூட்டியே சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பாலாற்றுப் பக்கம். காலையில் ஷூ கம்பெனி பஸ் வரும், காலனிப் பெண்கள் பாதிப் பேர் அதில் ஏறிப் போவோம். நான் தையல் பிரிவில் இருக்கிறேன், ஷூவின் மேல்பாகம் தைக்கிற வேலை. ஒரு நாளைக்கு 380 ரூபாய். என் வீட்டுக்காரர் ஜேசிபி ஓட்டுபவர். 2022 பொங்கல் முடிந்து வேலைக்கென்று போனவர் திரும்பி வரவில்லை. வேறொரு ஊரில் வேறொரு குடும்பமாக இருக்கிறார் என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. மகளுக்கு அப்போது ஏழு வயது. அழுதேன், சண்டை போட்டேன், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஜீவனாம்சம் கேட்டு கேஸ் போடலாம் என்று என் அண்ணன்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்த ஒருவர், அவருக்குத் தெரிந்த ஒரு வக்கீல். எங்கள் பக்கம் எல்லாருக்கும் வக்கீல் கிடைப்பது இப்படித்தான். நடுவில் நிற்பவருக்கும் அதில் ஒரு பங்கு போகும் என்பது பிறகு புரிந்தது.

மார்ச் மாதம் வக்கீலைப் பார்த்தோம். 15,000 கேட்டார். என் கம்மலை சேட்டு கடையில் 12,000-க்கு வைத்தேன், நூற்றுக்கு இரண்டு வட்டி. மீதியை அண்ணன் கொடுத்தார். ஏழெட்டு இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எதில் கையெழுத்து போட்டேன் என்று எனக்குத் தெரியாது, ஒரு நகலும் கேட்கவில்லை. பணத்துக்கு ரசீதும் கேட்கவில்லை. படித்தவரிடம் ரசீது கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன். இப்போது நினைத்தால் எனக்கு அங்கேதான் ரொம்ப வலிக்கிறது. ரசீது இல்லை என்றால் ஒரு துண்டுச் சீட்டிலாவது தொகையும் தேதியும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், அல்லது ஜிபே மூலம் அனுப்புங்கள். போட்ட மனுவின் நகலைக் கேட்டு வாங்காமல் அந்த அறையை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.

அப்புறம் நோட்டீஸ் அனுப்ப என்று 3,000. வீட்டுக்காரர் தரப்பு பதில் போடப் போகிறது, அதற்குத் தயார் செய்ய வேண்டும் என்று 10,000. ஒவ்வொரு வாய்தாவுக்கும் குமாஸ்தாவுக்கு 300. கோர்ட் வாசலில் ஒரு வேப்பமரம், அதன் கீழே நிற்கச் சொல்வார்கள். காலை பத்து மணிக்குப் போனால் ஒரு மணிக்கு குமாஸ்தா வந்து, "அம்மா, இன்னிக்கு ஜட்ஜ் லீவு, அடுத்த மாசம் 14-ந் தேதி" என்பார். நான் தலையாட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். இப்படி 11 முறை போனேன். அந்த 11 முறையும் கோர்ட் வளாகத்துக்குள் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு நீலப் பலகையைக் கடந்து போயிருக்கிறேன். வட்ட சட்டப்பணிகள் குழு, இலவச சட்ட உதவி மையம் என்று எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள் அல்ல நான், பத்தாவது வரை படித்தவள். இலவசம் என்றால் ஜெயிலில் இருப்பவர்களுக்கும் அநாதைகளுக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இலவச வக்கீல் என்றால் வேலைக்கு ஆகாது என்று அண்ணனும் சொல்லியிருந்தார்.

2024 ஜனவரியில் 12-வது முறை போனபோது மகளுக்குக் காய்ச்சல், அவளையும் தோளில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். தண்ணீர் கேட்கத்தான் அந்தப் பலகை இருந்த அறைக்குள் நுழைந்தேன். ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் அம்பேத்கர் படம். அந்த மேசையில் இருந்த அக்கா சட்டத் தன்னார்வலர் என்று பிறகு தெரிந்தது. வக்கீல் அல்ல, பயிற்சி கொடுத்து உட்கார வைக்கப்பட்ட நம் மாதிரி ஆள். குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "என்னம்மா கேஸு?" என்றார். சொன்னேன். "எம்.சி. நம்பர் என்ன?" என்றார், அதாவது ஜீவனாம்ச வழக்கின் எண். எனக்குத் தெரியவில்லை. தன் போனை எடுத்து, கோர்ட் வழக்குகளின் விவரம் காட்டும் ஈகோர்ட்ஸ் செயலியில் என் பெயரையும் வருடத்தையும் போட்டுத் தேடினார். 2022-க்குத் தேடியபோது வந்தது. அவர் போனை என் பக்கம் திருப்பி, விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். மனு பதிவான தேதி 2022 நவம்பர்.

மார்ச்சில் பணம் கொடுத்தேன், நவம்பரில்தான் மனு போட்டிருக்கிறார்கள். அதற்கு நடுவில் நான்கு முறை என்னை அந்த வேப்பமரத்தடிக்கு வரச் சொல்லி, வழக்கே இல்லாத கோர்ட்டில் வாய்தா என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான்கு முறையும் 300 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது. அந்த அக்கா எதுவும் பேசாமல் மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அம்மா, எட்டு மாசம் போச்சுன்னா பணமும் எட்டு மாசம் போச்சு, தெரியுமா?" என்றார். அப்போதுதான் விளக்கினார். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிடப்படும். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரர் விட்டுப் போன தேதியோ, வக்கீலுக்குப் பணம் கொடுத்த தேதியோ கணக்கில் வராது. எனக்குக் கடைசியில் மாதம் 6,000 தீர்ப்பானது. எட்டு மாதத்துக்கு 48,000. அது எங்கேயும் கேட்க முடியாமல் போய்விட்டது. நோட்டில் எழுதிய 40,280-ல் இது சேராது.

ஆகவே வழக்கு போட்டிருக்கும் எவரும் இன்றைக்கே அந்தச் செயலியை போனில் இறக்கிக்கொள்ளுங்கள், காசு கிடையாது. ஒவ்வொரு வழக்குக்கும் சிஎன்ஆர் என்று 16 எழுத்து எண் இருக்கும். அதைப் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, போன வாய்தாவில் என்ன நடந்தது என்று வரும். வக்கீல் நம்பர் கொடுக்கவில்லை என்றால் பெயரை வைத்துத் தேடலாம். நம்பர் கேட்டதற்குக் கோபப்படும் வக்கீலிடம் இன்னும் அதிகமாகக் கேளுங்கள்.

இலவச வக்கீலுக்கு எனக்குத் தகுதி இருக்கிறதா என்று கேட்டேன். வருமானச் சான்றிதழுக்கு விஏஓ ஆபீஸில் எத்தனை நாள் நிற்க வேண்டுமோ என்ற பயம். அக்கா சொன்னார், "நீ பொம்பள. அது ஒண்ணே போதும்." 1987-ஆம் வருடத்து சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தில் 12-வது பிரிவு யார் யாருக்கு உதவி என்று சொல்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. இதில் சேராத ஆண்களுக்குத்தான் வரம்பு, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம். நான் பெண், பட்டியல் இனம், தொழிற்சாலையில் வேலை செய்பவள். மூன்று வழியில் எனக்கு உரிமை இருந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் கம்மலை அடகு வைத்தேன்.

விண்ணப்பம் ஒரே ஒரு தாள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால் அவர்களே எழுதிக்கொள்வார்கள். ஆதார் நகல், சாதிச் சான்றிதழ் நகல், கையில் இருந்த கல்யாணப் பத்திரிகை, மகளின் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தேன். 9 நாளில் ஒரு வக்கீலை நியமித்த கடிதம் வந்தது.

ஆனால் பழைய வக்கீலிடமிருந்து கேஸ் கட்டை, அதாவது என் வழக்குக் காகிதங்களை, வாங்குவது பெரும் பாடாகிவிட்டது. வக்காலத்து, அதாவது எனக்காக வாதாட வக்கீலுக்குக் கொடுத்த அதிகாரம், அதை மாற்ற ஆட்சேபணை இல்லை என்று அவர் எழுதித் தர வேண்டும். "பாக்கி 5,000 வெச்சாத்தான் கட்டு" என்றார். மூன்று முறை போய் நின்றேன், கெஞ்சினேன். ஒரு தடவை அவர் அறை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். பணம் புரட்டக்கூட ஏற்பாடு செய்தேன். சட்டப்பணிக் குழு அலுவலகத்தில் சொன்னபோதுதான் தெரிந்தது, ஃபீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்து வைத்துக்கொள்ள உரிமை இல்லை. 2000-ல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. அலுவலகத்திலிருந்து ஒரு போன் போனது, மறுநாள் கட்டு வந்தது. கட்டு கிடைக்காவிட்டாலும் பயப்பட வேண்டாம், கோர்ட்டில் நகல் மனு போட்டு எல்லாவற்றையும் வாங்கலாம். அசல் ஆவணத்தை மட்டும் எந்த வக்கீலிடமும் கொடுத்து வைக்காதீர்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், கேட்கும்போது அசலைக் காட்டுங்கள்.

இங்கே ஒரு உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் வந்த இலவச வக்கீல் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. மூன்றாவது முறை, டைப் அடிக்கச் செலவு இருக்கிறது என்று 2,000 கேட்டார். அண்ணன் சொன்னது சரிதானோ என்று மனம் உடைந்துபோனது. ஆனால் இந்தத் தடவை நான் வாயை மூடிக்கொண்டு பணம் எடுக்கவில்லை. குழுவிலிருந்து வரும் வக்கீல் நம்மிடம் எந்தப் பெயரிலும் பணம் வாங்கக் கூடாது. கோர்ட் கட்டணம், நோட்டீஸ் செலவு, நகல் செலவு உட்பட எல்லாம் உதவியில் அடங்கும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளர் பெயருக்கு அரைப் பக்கத்தில் ஒரு மனு எழுதினேன். செயலாளர் ஒரு நீதிபதி. எந்தெந்தத் தேதியில் வக்கீல் வரவில்லை, என்ன கேட்டார் என்று மட்டும் எழுதினேன், திட்டவில்லை. இரண்டு வாரத்தில் வேறு வக்கீல் போட்டார்கள். குறை இருந்தால் வக்கீலை மாற்றக் கேட்கலாம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

இரண்டாவதாக வந்தவர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாளே என்னை ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டார். வீட்டுக்காரர் தனக்கு மாதம் 8,000-தான் வருமானம் என்று பதில் மனுவில் சொல்லியிருந்தார். "அக்கா, ஜேசிபி ஆபரேட்டருக்கு உங்க ஊர்ல ஒரு நாளைக்கு என்ன சம்பளம்?" என்றார். படிக்காசு தவிர 900 என்றேன். "அதை நாம காட்டணும்" என்றார். அவர் சொன்னபடி பழைய போனிலிருந்து வண்டியோடு வீட்டுக்காரர் நிற்கும் படங்கள், எந்த ஊரில் வேலை என்று அவர் அனுப்பியிருந்த வாட்ஸ்அப் செய்திகள், என் கணக்குக்கு முன்பு அவர் பணம் போட்ட பாஸ்புக் பக்கங்கள் எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாம் சொல்லிப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும் என்பதும் அதே ரஜ்னேஷ் வழக்கில் வந்ததுதான். பழைய வக்கீல் அதைக் கேட்டு மனுவே போடவில்லை. இவர் போட்டார். இடைக்கால ஜீவனாம்சமும் கேட்டார். 2024 மே மாதம் மாதம் 4,000 இடைக்கால உத்தரவு வந்தது. அன்றைக்குக் கோர்ட் கேன்டீனில் மகளுக்கு ஒரு பப்ஸும் எனக்கு ஒரு டீயும் வாங்கினேன். இரண்டு வருடத்தில் அந்த வளாகத்தில் நான் உட்கார்ந்து எதையாவது சாப்பிட்டது அன்றுதான்.

அவரிடம் ஒரு நாள் கேட்டேன், உங்களுக்கு யார் சம்பளம் தருகிறார்கள் என்று. சொல்லத் தயங்கினார், பிறகு சொன்னார். மத்திய அரசு தேசிய சட்டப்பணிகள் ஆணையத்துக்கு நிதி தருகிறது, மாநில அரசு தன் பங்கைத் தருகிறது, அது மாநில ஆணையத்தின் சட்ட உதவி நிதி வழியாக மாவட்டத்துக்கு வருகிறது. ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று மதிப்பூதியம். அது வெளியில் ஒரு வக்கீல் வாங்குவதில் சின்ன பங்குகூட இல்லை. அதுவும் வேலை முடிந்து, பில் வைத்து, நிதி வந்த பிறகுதான் கைக்கு வரும். மாதக்கணக்கில் பாக்கி நிற்கும் என்றார். எனக்கு முதல் வக்கீல் மேல் இருந்த கோபம் முழுதாகப் போகவில்லை, ஆனால் ஏன் நல்ல வக்கீல்கள் பலர் இந்தப் பட்டியலில் சேரத் தயங்குகிறார்கள் என்பது புரிந்தது. 1976-ல் அரசியலமைப்பில் 39ஏ பிரிவைச் சேர்த்து, பணம் இல்லை என்பதால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். எழுதியதற்குத் தகுந்த காசையும் ஒதுக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்குப் போக்குவரத்துச் செலவுக்குக்கூடப் போதாத தொகையைக் கொடுத்து என் மகளின் சோற்றுக்கு வாதாடு என்று சொல்வது நியாயமில்லை. பலகையைக் கழிவறைக்குப் போகும் வழியில் மாட்டாமல் காலனி ரேஷன் கடையில் மாட்டவும் அதே நிதியிலிருந்து கொஞ்சம் செலவு செய்யலாம். எங்கள் தெருவில் கேஸ் நடத்திக் கடனாளி ஆனவர்கள் ஏழெட்டுப் பேர் எனக்கே தெரியும். யாருக்கும் இது தெரியவில்லை.

இன்னொன்று, மக்கள் நீதிமன்றம், இரண்டு தரப்பும் பேசிச் சமரசமாக முடித்துக்கொள்ளும் இடம். நடுவில் எங்கள் வழக்கையும் அங்கே அனுப்பினார்கள். வீட்டுக்காரர் தரப்பில் மொத்தமாக ஒன்றரை லட்சம் தருகிறோம், இதோடு விட்டுவிட வேண்டும் என்றார்கள். சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கோ வாங்கிக்கோ என்றார்கள், எனக்கும் ஒரு நிமிடம் ஆசை வந்தது. வக்கீல் என் காதருகில் வந்து, "இங்க கையெழுத்து போட்டா மேல்முறையீடு கிடையாது, அக்கா. பாப்பாவுக்குப் பதினெட்டு வயசு ஆக இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு, கணக்குப் போட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். நோட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன், வேண்டாம் என்றேன். வேண்டாம் என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு, வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே போகும். ஆனால் விபத்து இழப்பீடு, பேங்க் கடன், செக் கேஸ் மாதிரியானவற்றில் மக்கள் நீதிமன்றத்தில் சீக்கிரம் நல்லபடி முடித்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். தொகையை வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு செய்துகொண்டு போங்கள், அங்கே கூட்டத்தில் முடிவு செய்யாதீர்கள்.

2025 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. எனக்கு 3,500, மகளுக்கு 2,500, மனு போட்ட நாளிலிருந்து. ஐந்து மாதம் ஒழுங்காக வந்தது, பிறகு நின்றது. நின்றதும் பழைய நான் என்றால் காத்திருந்திருப்பேன். பாக்கித் தொகையை அது விழுந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்டு மனு போட வேண்டும், தாமதித்தால் அந்தப் பாக்கியை வாரன்ட் போட்டு வசூலிக்கும் வழி அடைபட்டுவிடும். மூன்றாவது மாதமே போட்டோம். பாக்கி கட்டாவிட்டால் சிறை என்று வந்ததும் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறார். இதற்கும் அதே வக்கீல், எனக்கு ஒரு பைசா செலவில்லை. போய் வரும் பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் மட்டும்தான்.

கோர்ட் பக்கம் போகவே பயமாக இருந்தால் 15100 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டில் யாரையாவது போலீஸ் பிடித்துப் போனால்கூட இது பொருந்தும். காவலில் இருப்பவர் கேட்காவிட்டாலும் அவருக்கு இலவச வக்கீல் உண்டு என்று சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை, 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு பெண் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாள். கட்டிங் பிரிவு, 24 வயது, கையில் ஆறு மாதக் குழந்தை. வளையலை வைத்து 10,000 வாங்கி வக்கீலைப் பார்க்கப் போகிறேன் அக்கா என்றாள். வளையலை வைக்காதே என்று சொன்னேன். வருகிற வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டிருக்கிறோம். ஆதாரும் கல்யாணப் பத்திரிகையும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், ஜெராக்ஸ் இரண்டு செட்.